ருத்தேனியம் படித்தவருக்கு டொரொண்டோவில் வேலை உண்டா?

கோயம்புத்தூர், திருச்சி, சென்னை, யாழ்ப்பாணம் என்று எங்கிருந்து வந்த வேதியியல் ரெஸ்யூமேயைப் புரட்டினாலும் ஆய்வுத் தலைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான்: 'இடைநிலை உலோக அணைவுச் சேர்மங்கள்: தொகுப்பு, பண்பறிதல், உயிரியல் சோதனை'. உலோகம் மட்டும் மாறும். தாமிரம், நிக்கல், கோபால்ட். கொஞ்சம் வசதியான லேப் என்றால் ருத்தேனியம். லிகண்ட் பெரும்பாலும் ஷிஃப் பேஸ் அல்லது தயோசெமிகார்பசோன். ஸ்கார்பரோவில் வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே பலருக்கு இந்தத் தலைப்பைச் சொல்லவே கூச்சம் வந்துவிடுகிறது. "இதுக்கெல்லாம் இஞ்சை ஆர் வேலை தரப்போகினம்?" என்று வேர்ஹவுஸ் ஷிஃப்டுக்குப் போய்விடுகிறார்கள்.

வேலை இருக்கிறது. ஆனால் நீங்கள் தேடுகிற பெயரில் இல்லை. 'இனார்கானிக் கெமிஸ்ட் தேவை' என்று விளம்பரம் வரும் எனக் காத்திருந்தால் தலை நரைத்துவிடும். இந்த ஊரில் உங்கள் காம்ப்ளெக்ஸுக்கு யாரும் விலை கொடுக்க மாட்டார்கள். நீங்கள் எழுதித் தரும் எண்ணை நம்பி அடுத்த ஆள் தன் வேலையைத் தொடங்கலாமா என்பதற்குத்தான் சம்பளம். அந்த நம்பகத்தை எப்படிக் காட்டுவது, யாரிடம் காட்டுவது என்பதைப் பார்க்கலாம்.

1. உள்ளூர்க் கதை தெரியாமல் இன்டர்வியூவுக்குப் போகாதீர்கள்

டிஎல்டி-1433. இந்தப் பெயரை இன்றே குறித்து வையுங்கள். ஒரு ருத்தேனியம், இரண்டு டைமெத்தில் பைபிரிடின், டெர்தயோஃபீன் வால் கோத்த ஓர் இமிடசோ பினான்த்ரோலின். அவ்வளவுதான் மூலக்கூறு. நம் ஊர் எம்.ஃபில். மாணவருக்குக்கூடப் படத்தைப் பார்த்ததும் புரிந்துவிடும். நோவா ஸ்கோஷியாவின் அகேடியா பல்கலைக்கழகத்தில் ஷெரி மெக்ஃபார்லண்டின் குழு இதை உருவாக்கியது. கையில் எடுத்தது டொரொண்டோவின் தெரலேஸ் நிறுவனம். அவர்கள் அதுவரை வலிக்கான லேசர் சிகிச்சைக் கருவிகளைச் செய்து விற்றுக்கொண்டிருந்தவர்கள். யூனிவர்சிட்டி ஹெல்த் நெட்வொர்க்கின் இயற்பியலாளர் லோதார் லில்கே ஒளி தொடர்பான ஆய்வுகளில் உழைத்தார். அதே மருத்துவமனைக் குழுமத்தின் சிறுநீரியல் அறுவை நிபுணர் கிரீஷ் குல்கர்ணி மருத்துவச் சோதனையை நடத்தினார். 2017-இல் முதல் நோயாளி. மொத்தம் 6 பேரோடு ஃபேஸ் 1பி. 2019-இல் ஃபேஸ் 2. 2020-இல் அமெரிக்க எஃப்டிஏ 'ஃபாஸ்ட் டிராக்' தகுதி கொடுத்தது. ஒளியால் தூண்டப்படும் ருத்தேனியம் காம்ப்ளெக்ஸ் ஒன்று மனித உடலில் சோதிக்கப்பட்டது இதுவே முதல் முறை.

எந்த நோய்க்கு? சிறுநீர்ப்பையின் உட்சுவரில் மேலோட்டமாகப் படரும் புற்றுநோய்க்கு. பிசிஜி தடுப்பூசி மருந்தையே சிறுநீர்ப்பைக்குள் செலுத்திக் குணப்படுத்தலாம் என்று 1976-இல் காட்டியவர் இதே ஒண்டாரியோவில், கிங்ஸ்டன் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆல்வாரோ மொராலஸ். பிசிஜி கைவிட்டவர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது பையையே அறுத்து எடுப்பது. அவர்களுக்காகத்தான் இந்த மருந்து. பையை நிரப்பிச் சேர்மத்தைச் செலுத்துவார்கள். புற்றுச் செல்கள் அதை உள்ளிழுத்ததும் மிச்சத்தைக் கழுவிவிட்டு பச்சை லேசரைப் பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட சேர்மம் அங்கிருக்கும் ஆக்சிஜனைச் செல்லைக் கொல்லும் வடிவத்துக்கு மாற்றும்.

இதில் நீங்கள் கற்க வேண்டியது ஒன்று உண்டு. ஒளிச் சிகிச்சை பற்றி எந்த ரிவ்யூவை எடுத்தாலும் 'சிவப்பு ஒளி வேண்டும், அதுதான் திசுவுக்குள் ஆழமாகப் போகும்' என்றிருக்கும். பச்சை ஒளி சில மில்லிமீட்டர்கூடத் தாண்டாது. அப்படியானால் டிஎல்டி-1433 தோற்ற சேர்மமா? 1993-இல் கனடா உலகிலேயே முதலாக ஃபோட்டோஃப்ரின் என்ற ஒளி மருந்தை அங்கீகரித்தபோது அதுவும் சிறுநீர்ப்பைப் புற்றுக்குத்தான். சிவப்பு ஒளி தசைவரை இறங்கியதால் சிலருக்குப் பை சுருங்கிப்போனது. மேலோட்டமான புற்றுக்கு மேலோட்டமான ஒளி போதும் என்ற இடத்தில் பச்சையின் குறையே தகுதியாகிவிட்டது. உங்கள் சேர்மத்தின் பலவீனம் எந்த நோயில், எந்த உறுப்பில் பலமாகும்? இந்தக் கேள்விக்கு இரண்டு நிமிடப் பதில் தயாராக வைத்திருப்பவர் இன்டர்வியூ அறையில் உடனே தனியாகத் தெரிவார்.

2019-இல் 'கெமிக்கல் ரிவ்யூஸ்' இதழில் மெக்ஃபார்லண்ட் குழு இந்தச் சேர்மத்தின் வளர்ச்சியை நீளமாக எழுதியிருக்கிறது. ஒரு வார இறுதியைச் செலவழித்துப் படியுங்கள். படிக்கும்போது வேதியியலை மட்டும் பார்க்காமல் ஆட்களை எண்ணுங்கள். சேர்மத்தைப் பெரிய அளவில் தயாரித்தவர், தூய்மை பார்த்தவர், கரைசலாக்கியவர், விலங்குச் சோதனை செய்தவர், ஹெல்த் கனடாவுக்குக் கோப்பு தயாரித்தவர், நோயாளிகளின் தரவைப் பதிந்தவர். முதல் ஃபிளாஸ்கில் சேர்மம் செய்தவர்கள் சிலரே. மற்ற இடங்களெல்லாம் உங்களுக்கும் திறந்திருக்கும் வேலைகள்.

2. தீசிஸை உடைத்துத் திரும்பக் கட்டுங்கள்

சிடி-டிஎன்ஏ பைண்டிங், பிஎஸ்ஏ பைண்டிங், டிபிபிஎச், ஒரு டிஸ்க் டிஃப்யூஷன், எம்சிஎஃப்-7 செல்லில் ஓர் எம்டிடி, முடிவில் வண்ண வண்ணமாக ஒரு டாக்கிங் படம். மினி டிஃபன் மாதிரி, எந்தத் தட்டைப் பார்த்தாலும் அதே ஐட்டங்கள். இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பழனியாண்டவர், பெங்களூரு ஐஐஎஸ்சியில் அகில் சக்கரவர்த்தி போன்றவர்கள் உலோகம் டிஎன்ஏவோடு என்ன செய்கிறது என்று கேட்ட காலத்தில் அது உண்மையான கேள்வி. நாற்பதாவது ஆள் அதே அளவீட்டை அதே வரிசையில் செய்யும்போது கேள்வி காணாமல்போய் சடங்கு மிஞ்சுகிறது. ரிக்ரூட்டருக்கு வேதியியல் தெரியாவிட்டாலும் சடங்கின் வாசனை தெரியும்.

ஆகவே ரெஸ்யூமேயில் அளவீடுகளைப் பட்டியலிடாதீர்கள். 'பத்து காம்ப்ளெக்ஸ்கள் செய்து உயிரியல் செயல்திறன் ஆராயப்பட்டது' என்ற வாக்கியத்தில் ஆளே இல்லை. யார் ஆராய்ந்தது? எதற்கு? பதிலாக இப்படி எழுதுங்கள்: 'மில்லிகிராம் அளவில் வந்த தொகுப்பை 5 கிராமுக்கு உயர்த்தினேன், மூன்று பேட்சிலும் எலிமென்டல் அனாலிசிஸ் கணக்கிட்ட மதிப்புக்கு 0.4 சதவீதத்துக்குள்.' அல்லது: 'காம்ப்ளெக்ஸ் செல் மீடியத்தில் சிதைவதை ஹெச்பிஎல்சியில் கண்டுபிடித்து, லிகண்டை மாற்றி நிறுத்தினேன்.' எண்கள் உங்கள் நோட்புக்கில் உள்ளவையாக இருக்க வேண்டும். அடுத்த கேள்வியே அந்த நோட்புக்கைப் பற்றித்தான் வரும்.

பாக்டீரியா சோதனை செய்தவர்கள் தலை குனிய வேண்டாம். பிரிஸ்பேனின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயங்கும் கோ-ஆட் அமைப்பு, உலகெங்கிலுமிருந்து வந்த 906 உலோகச் சேர்மங்களைப் பற்றி 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அவற்றில் 9.9 சதவீதம் ஏதாவது ஒரு கிருமியைத் தடுத்தன. அதே சேகரிப்பின் வெறும் கரிமச் சேர்மங்களில் 0.87 சதவீதம்தான். இந்த ஒப்பீட்டைச் சொல்லிவிட்டு, 'ஆனால் என் சோதனை டிஸ்க் டிஃப்யூஷன். பருமனான காம்ப்ளெக்ஸ் அகாரில் நகராது என்பதால் எம்ஐசி பார்த்திருக்க வேண்டும்' என்று நீங்களே சொல்லிவிடுங்கள். எதிரில் இருப்பவர் சொல்வதற்கு முன்.

3. இந்தக் கேள்விகளுக்குத் தடுமாறினால் அன்றைக்கே கதை முடிந்தது

எதில் கரைத்தீர்கள்? 'டிஎம்எஸ்ஓ' என்று அலட்சியமாகச் சொல்வது பழக்கம். டிஎம்எஸ்ஓவின் கந்தகம் பிளாட்டினத்தைப் பிடித்துக்கொள்ளும். சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் இரண்டையுமே அது செயலிழக்கச் செய்கிறது என்று 'கேன்சர் ரிசர்ச்' இதழில் 2014-இலேயே வந்துவிட்டது. சிஸ்பிளாட்டினை டிஎம்எஸ்ஓவில் கரைத்து 'எங்கள் காம்ப்ளெக்ஸ் சிஸ்பிளாட்டினைவிட ஐந்து மடங்கு வலியது' என்று எழுதிய தாள்கள் எத்தனை! உங்கள் தாளும் அதில் ஒன்றா என்று இன்று இரவே பாருங்கள். ஆம் என்றால் அந்த 'ஐந்து மடங்கை' ரெஸ்யூமேயிலிருந்து எடுத்துவிடுங்கள்.

செல்லைக் கொன்றது காம்ப்ளெக்ஸா, பிரிந்து வந்த லிகண்டா, உலோக உப்பா? ஷிஃப் பேஸின் இமின் பிணைப்பு தண்ணீரில் உடையக்கூடியது. தாமிர உப்பு தனியாகவே நச்சு. லிகண்ட் தனியாக, உப்பு தனியாக, இரண்டும் கலந்து, காம்ப்ளெக்ஸாக என்று நான்கு கட்டுப்பாடு வைத்தீர்களா?

எம்டிடியில் நிறம் மாறியது செல்லாலா? தயோல் வகை லிகண்ட் எம்டிடியைத் தானே ஒடுக்கிவிடும். செல் இல்லாத குழியில் போட்டுப் பார்த்தீர்களா? வேறொரு அளவீட்டால் சரிபார்த்தீர்களா?

செல் லைன் எங்கிருந்து வந்தது? 'பக்கத்து டிபார்ட்மென்ட் கொடுத்தது' என்பது பதிலாகாது. எஸ்டிஆர் சோதனை, மைக்கோபிளாஸ்மா சோதனை என்ற இரண்டு சொற்கள் வாயில் வர வேண்டும்.

எதற்கும் 'செய்யவில்லை' என்பதே உண்மை என்றால் அதையே சொல்லுங்கள். கூடவே இப்போது செய்தால் எப்படிச் செய்வீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கோ-ஆப் (படிப்புக்கிடையே வேலைப் பயிற்சி) முடித்த 23 வயதுப் பிள்ளை உங்களோடு வரிசையில் நிற்கிறார். கருவியில் கை வேகம் அவருக்கு அதிகம். ஆனால் அளவீடு எங்கே பொய் சொல்லும் என்பது ஐந்து வருடம் அதோடு மல்லுக்கட்டிய உங்களுக்குத்தான் தெரியும். உங்களிடம் இருக்கும் ஒரே அனுகூலம் அதுதான். அதை வீணாக்காதீர்கள்.

4. லிகண்ட் உள்ளே போய் என்ன ஆகிறது என்று கேட்கப் பழகுங்கள்

இன்னொரு டொரொண்டோக் கதை. இது அதிகம் பேசப்படுவதில்லை. லோரஸ் தெரப்யூட்டிக்ஸ் என்ற உள்ளூர் நிறுவனம் எல்ஓஆர்-253 என்ற மூலக்கூறை உருவாக்கியது. 2014-இல் நிறுவனம் ஆப்டோஸ் என்று பெயர் மாற, மருந்தும் ஆப்டோ-253 ஆயிற்று. உலோகமே இல்லாத கரிமச் சேர்மம். ஆனால் அதன் எலும்புக்கூட்டைப் பாருங்கள்: இமிடசோ பினான்த்ரோலின். டிஎல்டி-1433-இல் ருத்தேனியத்தைக் கவ்வியிருக்கும் அதே சட்டகம். நம் ஊர் அணைவு வேதியியலாளர் யாரைக் கேட்டாலும் 'இது இரும்பைப் பார்த்தால் விடாது' என்று சொல்லியிருப்பார். சொன்னபடியே நடந்தது. செல்லுக்குள் மூன்று மூலக்கூறுகள் ஓர் இரும்பைச் சுற்றிக்கொண்டு காம்ப்ளெக்ஸாகின்றன. அதுவே டிஎன்ஏவின் ஜி-குவாட்ரப்ளெக்ஸ் அமைப்பைப் பிடித்து மிக் என்ற புற்று மரபணுவை அடக்குகிறது என்று 2018-இல் வெளியிட்டார்கள். மருந்து நோயாளிகளுக்குள் போய் வருடங்களான பிறகு.

அதற்கு முன்பே, 2015-இல், நரம்பு வழியாக ஏற்றும்போது பம்ப் அடைத்துக்கொண்டதால் எஃப்டிஏ சோதனையை நிறுத்திவைத்தது. ஃபார்முலேஷனைத் திருத்தி மீண்டும் அனுமதி பெற 2018 ஆகிவிட்டது. 2021 டிசம்பரில் திட்டமே கைவிடப்பட்டது.

ஜி-குவாட்ரப்ளெக்ஸ் பற்றி உயர்ந்த இதழில் எழுதலாம். பம்ப் அடைத்தால் எல்லாம் நிற்கும். கரைதிறன், துகள் அளவு, குப்பியில் ஆறு மாதம் நிற்குமா என்பதெல்லாம் நம் பல்கலைக்கழகங்களில் 'ஃபார்மசிக்காரர் வேலை' என்று தள்ளப்படும் விஷயங்கள். டொரொண்டோவில் சம்பளம் அங்கேதான் இருக்கிறது. அணைவு வேதியியல் தெரிந்த ஒருவர் ஃபார்முலேஷன் டீமில் உட்கார்ந்தால் மற்றவருக்குத் தெரியாத ஆபத்து அவர் கண்ணில் படும். இந்த வாதத்தைக் கவர் லெட்டரின் முதல் பத்தியிலேயே வையுங்கள்.

5. நோட்புக்

மிக முக்கியமான தலைப்பு. பலர் வேகமாகத் தாண்டிப்போகும் தலைப்பும் இதுவே. சிஸ்பிளாட்டினை எடுத்துக்கொள்ளுங்கள். மிக்கேலே பேரோனே 1840-களிலேயே செய்துவிட்ட எளிய சேர்மம். 1965-இல் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பர்க் பாக்டீரியாவுக்குள் மின்சாரம் விட்டபோது, பிளாட்டினம் மின்முனையிலிருந்து கரைந்த சேர்மத்தால் கிருமிகள் பிரிய முடியாமல் நூலாக நீண்டன. அங்கிருந்து தொடங்கி 1978-இல் எஃப்டிஏ அனுமதி. காப்புரிமை எப்போதோ முடிந்தது. விலையும் மலிவு. அப்படிப்பட்ட மருந்து 2023-இல் அமெரிக்கப் புற்றுநோய் மையங்களில் தட்டுப்பாடாகி, மருத்துவர்கள் யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் குறைப்பது என்று யோசிக்க நேர்ந்தது. வேதியியல் பிரச்சினையா? துளியும் இல்லை. 2022 இறுதியில் அகமதாபாத் அருகே இன்டாஸ் நிறுவனத்தின் ஆலைக்குச் சென்ற எஃப்டிஏ அதிகாரிகள், கிழித்து மூட்டை கட்டிய தரக் கட்டுப்பாட்டு ஆவணங்களைக் கண்டார்கள். தராசின் பிரிண்ட் ஸ்லிப்புகள் கிழிந்து குப்பைப் பையில் கிடந்தன. அவற்றின்மேல் ஊழியர் ஒருவர் அசிட்டிக் அமிலம் ஊற்றியிருந்தார். உற்பத்தி நின்றது. அமெரிக்காவின் சிஸ்பிளாட்டினில் ஏறக்குறைய பாதி அங்கிருந்து போய்க்கொண்டிருந்தது. கடைசியில் சீனாவின் சீலு நிறுவனத்து மருந்தை இறக்குமதி செய்ய எஃப்டிஏ அனுமதித்தது. அதை விநியோகித்தது யார் தெரியுமா? டொரொண்டோவைத் தலைமையகமாகக் கொண்ட ஆப்போடெக்ஸின் அமெரிக்கக் கிளை.

இந்தியப் பட்டத்தோடு க்யூசி வேலைக்கு வருகிற உங்களைப் பார்க்கும்போது எதிரில் இருப்பவர் மனத்தில் இந்தச் செய்தி ஓடக்கூடும். அநியாயம்தான். ஆனால் போட்டியில் நியாயம் பேசி நேரத்தைக் கழிக்காதீர்கள். அந்தச் சந்தேகத்தைக் கேட்காமலேயே தீர்த்துவையுங்கள். அல்கோவா என்ற சுருக்கத்தை மனப்பாடமாக்குங்கள்: யார் எழுதியது தெரிய வேண்டும், படிக்க முடிய வேண்டும், அளக்கும்போதே எழுதியிருக்க வேண்டும், மூலப் பதிவாக இருக்க வேண்டும், சரியாக இருக்க வேண்டும். பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்து, தேதியும் இனிஷியலும் காரணமும் எழுதுவது. ஒயிட்னர் கிடையாது. துண்டுத் தாளில் எடை எழுதிப் பிறகு நோட்டில் ஏற்றும் நம் லேப் வழக்கம் இங்கே வேலையை விட்டே அனுப்பக்கூடிய குற்றம். 'ஸ்பெசிஃபிகேஷனுக்கு வெளியே ரிசல்ட் வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். 'திரும்ப ரன் பண்ணுவேன்' என்பது தவறான பதில். 'சூப்பர்வைசருக்கு உடனே தெரிவிப்பேன், சாம்பிளையும் கரைசலையும் கொட்டாமல் வைத்திருப்பேன், விசாரணை தொடங்கிய பின்பே மறு அளவீடு' என்பது சரி.

6. எங்கே தட்டுவது

உலோகம் அளக்கத் தெரிந்தவர்கள் ஐசிபி-எம்எஸ் வேலைகளைத் தேடுங்கள். மருந்துகளில் உலோக மாசு எவ்வளவு இருக்கலாம் என்று ஐசிஎச் க்யூ3டி என்ற வழிகாட்டி வரையறுக்கிறது. ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம் முதல் வகுப்பு. கோபால்ட், நிக்கல், வனேடியம் 2ஏ. பல்லேடியம், பிளாட்டினம், ருத்தேனியம் போன்றவை 2பி. அமெரிக்க மருந்துநூலின் இதற்கான விதிகள் 2018 ஜனவரி முதல் கட்டாயம். அதாவது மருந்து செய்யும் எல்லாருக்கும் உங்கள் பாடம் தேவைப்படுகிறது. அவர்கள் அதை 'எலிமென்டல் இம்ப்யூரிட்டீஸ்' என்று தேடுகிறார்கள். உங்கள் ரெஸ்யூமேயில் அந்தச் சொல் இருக்கிறதா? நார்த் யார்க்கில் ஆப்போடெக்ஸ், டால்டன், ஸ்கார்பரோவில் நியூக்ரோ-டெக்னிக்ஸ், மிசிசாகாவில் யூரோஃபின்ஸ் ஆல்ஃபோரா, ஆரோராவில் பிராமல். கார் இல்லாமல் மிசிசாகாவிலும் ஆரோராவிலும் ஷிஃப்ட் வேலை என்பது வேதனை. ஜி லைசென்ஸை ரெஸ்யூமேயைப் போலவே முக்கியமாக நினையுங்கள்.

தொகுப்பில் கை தேர்ந்தவர்கள் ஹாமில்டனைப் பாருங்கள். மருத்துவமனைகளில் நாள்தோறும் ஸ்கேனுக்குச் செலுத்தும் டெக்னீஷியம்-99எம் மருந்துகள் பெரும்பாலும் அணைவுச் சேர்மங்கள். அரை ஆயுள் 6 மணி நேரம். மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சுற்றி ரேடியோ மருந்து நிறுவனங்கள் வளர்ந்திருக்கின்றன. ஜான் வேலியன்ட் தொடங்கிய ஃபியூஷன் ஃபார்மசூட்டிகல்ஸை ஆஸ்ட்ராசெனகா 2024-இல் வாங்கியது. பேரத்தின் மதிப்பு 240 கோடி அமெரிக்க டாலர் வரை. ஹியூரான் ஏரிக்கரையில் புரூஸ் பவர் அணு உலை 2022-லிருந்து லூட்டீஷியம்-177 தயாரிக்கிறது. உலோகத்தைச் சரியான கூண்டில் விரைவாக அடைத்து, வெளியே வராமல் பார்த்துக்கொள்வது இந்தத் தொழிலின் மையம். கீலேட், நிலைப்பு மாறிலி, லிகண்ட் பரிமாற்ற வேகம் என்று நீங்கள் சலிப்போடு படித்ததெல்லாம் இங்கே தினசரிப் பேச்சு. தமிழ்ப் பட்டதாரிகள் இந்தப் பக்கம் இன்னும் போதுமான அளவு எட்டிப்பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

உயிரியல் பக்கம் போக விரும்புபவர்களுக்குக் காலேஜ் ஸ்ட்ரீட்டும் யூனிவர்சிட்டி அவென்யூவும் போதும்: மார்ஸ் கட்டடத்தில் ஒண்டாரியோ புற்றுநோய் ஆய்வு நிறுவனம், பக்கத்தில் பிரின்சஸ் மார்கரெட், சிக்கிட்ஸ். ஆனால் செல் வளர்ப்பை நீங்களே கையால் செய்திருக்க வேண்டும். 'கொலாபரேட்டர் செய்தார்' என்றால் கதவு சாத்தியதுதான். பேப்பரும் விதிமுறையும் பிடிக்கும் ஆட்கள் ரெகுலேட்டரி அஃபேர்ஸுக்குத் திரும்பலாம். செனகா, ஹம்பர் போன்ற கல்லூரிகளின் சான்றிதழ் படிப்புகள் உதவும். பணம் கட்டும் முன் அந்தப் படிப்பை முடித்த இருவரைத் தேடிப்பிடித்து எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

7. காகிதம், சட்டம், மரியாதை

பட்ட மதிப்பீடு: டபிள்யூஇஎஸ் அல்லது டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் கம்பேரட்டிவ் எஜுகேஷன் சர்வீஸ். விண்ணப்பத்தை நீங்கள் வந்து சேருமுன்பே தொடங்குங்கள். ரெஸ்யூமே 2 பக்கம். புகைப்படம், வயது, திருமண நிலை, மதம், அப்பா பெயர் வேண்டாம். 27 வெளியீடுகளின் பட்டியல் வேண்டவே வேண்டாம், கேட்டால் கொடுங்கள். ஒண்டாரியோ அரசின் 4 படி பாதுகாப்புப் பயிற்சி இணையத்தில் இலவசம். ஆபத்தான ரசாயனங்களைக் கையாள்வது பற்றிய டபிள்யூஎச்எம்ஐஎஸ் பயிற்சி அரை நாள் வேலை. இரண்டையும் முடித்து ஒரு வரியாகப் போடுங்கள்.

2026 ஜனவரி 1 முதல் ஒண்டாரியோவில் 25 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் 'கனடிய அனுபவம் வேண்டும்' என்று கேட்கக்கூடாது. சம்பள வரம்பைப் போட வேண்டும். இன்டர்வியூவுக்கு வந்தவருக்கு முடிவைப் பற்றி 45 நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும். சட்டம் வந்ததால் மனம் மாறிவிடாது. கேள்வி 'ஜிஎம்பி (நல்ல உற்பத்தி நடைமுறை) சூழலில் வேலை செய்திருக்கிறீர்களா?' என்று உருமாறி வரும். சம்பள வரம்பு கண்ணெதிரே இருக்கும்போது அடிமட்டத்தைக் கேட்டு நிற்காதீர்கள். நடுவுக்குக் கொஞ்சம் மேலே சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள்.

முதல் ஈமெயிலில் 'டாக்டர்' என்று குடும்பப் பெயரோடு எழுதுங்கள். அவர் முதல் பெயரில் கையெழுத்திட்டுப் பதில் போட்டால் அடுத்ததில் நீங்களும் முதல் பெயரில் அழைக்கலாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'சார்' போடுபவரைப் பணிவானவர் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. சந்தேகம் வந்தாலும் கேட்காமல் தலையாட்டுவார் என்றே நினைப்பார்கள். லேபில் அது ஆபத்தான குணம்.

8. ஆட்கள்

நம் ஆட்கள் மருந்து ஆலைகளில் நிறையவே இருக்கிறார்கள். கோயிலிலோ பிறந்தநாள் விழாவிலோ பிடித்து "அண்ணை, உங்கட கொம்பனியிலை ஏதும் இருந்தா சொல்லுங்கோ" என்றால் அவர் "ரெஸ்யூமேயை அனுப்பும் தம்பி" என்பார். அதோடு சரி. அவரிடம் கேட்க வேண்டியது வேறு: உங்கள் லேபில் எந்த ஹெச்பிஎல்சி மென்பொருள்? கான்ட்ராக்ட் ஆட்களை எந்த ஏஜென்சி வழியாக எடுக்கிறார்கள்? போன ஆடிட்டில் எதைப் பற்றிக் கேட்டார்கள்? கடைசிக் கேள்விக்கு அவர் பதில் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டார். ஆனால் நீங்கள் விஷயம் தெரிந்தவர் என்பது அவருக்குப் புரிந்துவிடும். ரெஃபரல் தருபவர் தன் பெயரைப் பணயம் வைக்கிறார். அவருக்கு அதில் என்ன லாபம் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் போய்க் கேளுங்கள்.

பல்கலைக்கழகம் வழியாகப் போகிறவர்கள் மைட்டாக்ஸ் என்ற பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி பாதி, மைட்டாக்ஸ் பாதி என்று பணம் போட்டு ஆராய்ச்சி மாணவரையும் போஸ்ட்டாக்கையும் தொழில் நிறுவனத்துக்குள் அனுப்பும் திட்டங்கள் அவர்களிடம் உண்டு. 'எனக்கு இடம் தாருங்கள்' என்று பேராசிரியருக்கு எழுதுவதைவிட, 'இந்தக் கம்பெனிக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது, உங்கள் லேபில் இந்தக் கருவி இருக்கிறது, மைட்டாக்ஸ் வழியாக நான் செய்யலாமா?' என்று ஐந்து வரி எழுதினால் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

வேர்ஹவுஸ் வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் இரவு ஷிஃப்ட் எடுங்கள். இன்டர்வியூ அழைப்புகளும் ஏஜென்சி அழைப்புகளும் பகலில் வரும்.

9. இன்டர்வியூ முடிவில்

'எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா?' என்பார்கள். 'இல்லை, நன்றி' என்று எழுந்துவிடாதீர்கள். இந்த மூன்றில் ஒன்றைக் கேளுங்கள். இந்த வேலையில் முன்பு இருந்தவர் இப்போது என்ன செய்கிறார்? முதல் மூன்று மாதத்தில் எந்த மெத்தடை நான் தனியாக ஓட்ட வேண்டும்? உங்கள் லேப் நோட்புக் காகிதமா, மின்னணுவா? முதல் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். பதவி உயர்ந்தார் என்றால் நல்லது. வருடத்துக்கு ஒருவர் மாறுகிறார் என்றால், சம்பளம் பேசும்போது அந்தத் தகவல் உங்கள் கையில் இருக்கிறது.